கண்டத்தில் கறை, திண்ணையில் இடம்

தை அமாவாசை கழிந்து ஏழாம் நாள் ரதசப்தமி. அன்றைக்குத் திருவண்ணாமலை அண்ணாமலையார் தம் ஊரில் இருப்பதில்லை. உற்சவ மூர்த்தியாகப் புறப்பட்டு, வழிநெடுக மண்டகப்படி ஏற்றுக்கொண்டு, வடக்கே கலசப்பாக்கத்துக்கு வருகிறார். செய்யாற்றங்கரையில் அவ்வூர்த் திருமாமுடீஸ்வரர் அவரை எதிர்கொண்டு அழைக்கிறார். இரண்டு சாமிகளும் ஆற்றில் சந்திக்க, தீர்த்தவாரி நடக்கிறது. பயணத்தின் நடுவே தனகோட்டிபுரம் என்ற சிற்றூரில் தமக்குச் சொந்தமான நிலத்தை அண்ணாமலையார் பார்வையிடுவதும் வழக்கம். வெளியூரிலிருந்து வந்த குடும்பத்துப் பெரியவர் வரப்பில் நின்று, இந்த வருஷம் வெள்ளாமை எப்படி என்று கேட்பதைப் போன்ற காட்சி அது.

எங்கும் நிறைந்தவர் எதற்காகப் பயணம் போக வேண்டும்? சித்தாந்தம் கற்றவர்கள், உயிர்கள்மீது வைத்த கருணையால் என்பார்கள். கரையோர ஊர்க்காரர்களின் விடை இன்னும் சுருக்கமானது: சாமி நம்மைப் பார்க்க வருது. இரண்டும் ஒன்றுதான், இரண்டாவதில் வீட்டு வாசனை இருக்கிறது, அவ்வளவே. இதே அண்ணாமலையார் தை மாதம் மணலூர்ப்பேட்டைக்குப் போய்த் தென்பெண்ணையில் தீர்த்தவாரி காண்கிறார். மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய், பிள்ளையில்லாமல் மறைந்த வல்லாள மகாராஜனுக்கு மகனாக நின்று திதி கொடுக்கிறார். தத்துவ நூல்களில் உருவமும் பெயரும் அற்ற பரம்பொருளாகப் பேசப்படுபவர், திருவிழாவில் ஊருக்கு ஊர் போய் நலம் விசாரிக்கும் உறவினராகிறார்.

தமிழில் நலம் என்பது விசாரிக்கப்படுவது. ‘நல்லா இருக்கீங்களா?’ என்று ஒருவர் கேட்டு, மற்றவர் பதில் சொல்லும்போதுதான் அந்தச் சொல்லுக்கு உயிர் வருகிறது. கேட்க ஆளில்லாதவரின் இரத்தச் சர்க்கரை சரியாக இருக்கலாம், இரத்த அழுத்தமும் சரியாக இருக்கலாம். அவர் நலமாக இருக்கிறார் என்று சொல்ல எந்த ஊர்க்கிழவியும் ஒப்பமாட்டாள்.

இது பழைய மனதின் பாசம் மட்டும் அன்று. விவாதிக்க வேண்டிய தத்துவக் கேள்வி. நலம் யாருடையது? தோலுக்குள் அடங்கிய தனிமனிதச் சொத்தா, அல்லது இருவருக்கு நடுவே, பலருக்கு நடுவே உண்டாகும் ஒன்றா? இன்றைய நகர வாழ்க்கை முதல் விடையைத் தேர்ந்துகொண்டுவிட்டது. கைக்கடிகாரம் நடந்த அடிகளை எண்ணுகிறது, செல்பேசி தூங்கிய மணிகளைக் கணக்கிடுகிறது, தியானம்கூட ஆளுக்கொரு காதொலிக்கருவிக்குள் நடக்கிறது. இவற்றால் பயன் உண்டு. ஆனால் கலசப்பாக்கத்தைச் சுற்றியுள்ள நிலப்பகுதி வேறு ஒரு விடையை நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. அதைக் காது கொடுத்துக் கேட்கலாம். அந்த விடையிலுள்ள ஓட்டைகளையும் மறைக்காமல் பார்க்கலாம்.

முதலில் ஆறு. செய்யாறு ஜவ்வாது மலையில் பிறந்து, செங்கம், கலசப்பாக்கம் வழியாக ஓடிப் பாலாற்றில் கலக்கிறது. அதன் கரையில் காஞ்சி, கடலாடி, மாம்பாக்கம், மாதிமங்கலம், எலத்தூர், பூண்டி, குருவிமலை என்று ஏழு ஊர்களில் சிவன் கரைகண்டேஸ்வரர் என்ற பெயரில் இருக்கிறார். தலக்கதை இப்படிப் போகிறது: அண்ணாமலை நோக்கி வந்த அம்பிகை வழியில் மணலால் லிங்கம் பிடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றாள்; சேயாகிய முருகன் வேலெறிந்து ஆற்றை வரவழைத்தான்; அந்த வேல் தவத்திலிருந்த ஏழு முனிவர்களின் உயிரையும் எடுத்துவிட்டது; அதற்குப் பரிகாரமாக எழுந்தவையே இந்தக் கோயில்கள். தாய்க்குத் தண்ணீர் கொண்டுவரப் போன பிள்ளையின் கையால் நேர்ந்த சாவு. நன்மையும் காயமும் ஒரே வேலின் முனையிலிருந்து வந்ததாகச் சொல்லத் துணிந்த கதை இது.

கரைகண்டர் என்ற பெயரைக் கறைக்கண்டர் என்று கொள்பவர்களும் உண்டு. நஞ்சுண்டு கழுத்தில் கறை பட்டவர். அந்தப் பொருளுக்குத் துணை நிற்பது சங்க நூலான மலைபடுகடாம். 583 அடிகள் கொண்ட இந்தப் பாட்டைப் பெருங்கௌசிகனார் பாடினார். பாட்டுடைத் தலைவன் செங்கண்மாவை ஆண்ட நன்னன் சேய் நன்னன். அந்தச் செங்கண்மாதான் இன்றைய செங்கம். பாட்டில் சேயாறு வருகிறது. நன்னனின் நவிரமலை வருகிறது; அதில் வீற்றிருக்கும் தெய்வம் காரியுண்டிக் கடவுள், அதாவது நஞ்சை உணவாகக் கொண்டவர். கலசப்பாக்கத்துக்கு மேற்கே 4,500 அடிக்கு மேல் செங்குத்தாக நிற்கும் பருவதமலைதான் அந்த நவிரம் என்று சொல்லப்படுகிறது. அப்படியென்றால், கழுத்தில் ஆறாத காயம் உள்ள ஒரு கடவுளை இந்தப் பள்ளத்தாக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கும்பிட்டுவருகிறது. அவர் நஞ்சை விழுங்கவில்லை, உமிழவும் இல்லை. தொண்டையில் நிறுத்திக்கொண்டு இருக்கிறார்.

உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம் 1948 ஏப்ரல் 7 அன்று நடைமுறைக்கு வந்தது. நலம் என்றால் நோயில்லாமை மட்டும் அன்று, உடல், மனம், சமூகம் ஆகிய மூன்றிலும் முழுமையான நல்வாழ்வு என்று அது வரையறுத்தது. சமூகத்தை அந்த வரிசையில் சேர்த்தது பெரிய காரியம். ஆனால் ‘முழுமையான’ என்ற சொல் இடறுகிறது. அந்த அளவுகோலைப் பிடித்தால் மூட்டுவலியுள்ள பாட்டி, சர்க்கரைக்கு மாத்திரை போடும் வாத்தியார், போலியோவில் கால் சூம்பிய தையல்காரர் எல்லாரும் வாழ்நாள் முழுக்க நலமற்றவர்கள் ஆகிவிடுவார்கள். நெதர்லாந்து மருத்துவர் மாக்டெல்ட் ஹூபரும் அவருடன் சேர்ந்தவர்களும் 2011இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இந்தக் குறையைச் சுட்டிக்காட்டி, வாழ்க்கை தரும் சோதனைகளுக்கு ஈடுகொடுத்துத் தன்னைச் சமாளித்துக்கொள்ளும் ஆற்றலே நலம் என்றார்கள். கறைக்கண்டனைக் கும்பிடுகிறவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. கறையோடு நிற்பவர்தான் அவர்களுக்கு மங்களமானவர். சிவம் என்ற சொல்லுக்கே நன்மை என்றுதானே பொருள்.

ஆனாலும் ஹூபரின் வரையறையில் ஒன்று குறைகிறது. ‘தன்னைச் சமாளித்துக்கொள்ளும்’ என்கிறபோது பாரம் மறுபடியும் ஒற்றை ஆளின் தலையிலேயே ஏறிவிடுகிறது. புராணத்தில் அப்படி இல்லை. நஞ்சு வயிற்றுக்குள் இறங்காமல் கழுத்தைப் பிடித்தவள் பக்கத்தில் இருந்த உமை. கடவுளுக்கே ஒரு கை தேவைப்பட்டது.

திருவள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பார்ப்பவர். சரக சம்ஹிதையும் இதே நால்வரைத்தான் எண்ணுகிறது. இந்த நான்காமவரை இன்றைய மருத்துவமனைகள் ‘அட்டெண்டர்’ என்று அழைத்து, சீட்டு கொடுத்து, வராந்தாவில் படுக்கவைக்கின்றன. வள்ளுவரோ அவரைச் சிகிச்சைக்கு வெளியே நிறுத்தவில்லை. உள்ளே, நான்கில் ஒரு பங்காக வைத்தார். உடனிருப்பவர் இல்லையென்றால் மருத்துவமே முக்கால்தான் என்று இதற்குப் பொருள்.

உடனிருப்பது என்றால் என்ன என்பதற்குக் கலசப்பாக்கம் பக்கத்துப் பூண்டியைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்த வட்டாரத்துக்கு ஒருவர் வந்து சேர்ந்தார். ஊர், பேர், குலம் எதுவும் தெரியாது. செய்யாற்று மணலில் உட்கார்ந்திருந்தார். ஒரு முறை வெள்ளம் வந்து அவரை மணலில் புதைத்துவிட்டது என்றும், வெள்ளம் வடிந்தபின் ஊரார் தோண்டி எடுத்தபோது உயிரோடு இருந்தார் என்றும் அங்கே சொல்வார்கள். அதனால் ஆற்றுசாமி என்று பெயர். பின்னாளில் பூண்டியில் ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்தவர், ஆண்டுக்கணக்காக அதே திண்ணையில் இருந்தார். 1978இல் அவர் உடல் அடங்கியது. இன்றைக்குப் பூண்டி மகான் என்று தமிழ்நாடு முழுக்க அறியப்படுகிறார். அவர் சமாதிக்குத் தொலைதூரத்திலிருந்தும் பக்தர்கள் வருகிறார்கள்.

பக்தர்களின் பேச்சில் அவருடைய அற்புதங்கள் முன்னால் வந்து நிற்கும். அந்தத் திண்ணையையும் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். யாரென்றே தெரியாத ஒருவர் வாசலில் வந்து உட்காருகிறார். வேலை செய்வதில்லை, விளக்கம் சொல்வதில்லை. வீட்டுக்காரர் அவரை எழுப்பி அனுப்பவில்லை. ஊர் அவருக்குச் சோறு கொண்டுவந்தது, மழையில் சாரல் படாமல் பார்த்துக்கொண்டது, வருகிறவர்களுக்கு வழி சொன்னது. ஒரு நாளில்லை, ஒரு மாதமில்லை. அவர் ஞானி என்பது அந்த மக்களுக்கு முதல் நாளே தெரிந்திருக்க வாய்ப்பில்லை. முதல் நாள் அவர்கள் கொடுத்த சோறு ஞானிக்குக் கொடுத்ததன்று, பசித்த ஓர் ஆளுக்குக் கொடுத்தது. அந்த முதல் நாள் சோற்றில்தான் பூண்டியின் பெருமை முழுவதும் இருக்கிறது.

தெருவைப் பார்த்துக் கட்டிய திண்ணை, வழிப்போக்கனுக்காக வீட்டுக்காரர் விட்டுக்கொடுத்த இடம். இப்போது கட்டும் வீடுகளில் அந்த இடத்தில் இரும்புக் கதவு நிற்கிறது, கார் நிற்கிறது. பூண்டிக்கு வந்தவர் இன்றைக்கு ஒரு நகரத்துத் தெருவுக்கு வந்தால் உட்கார இடம் தேட வேண்டியிருக்கும்.

மலைபடுகடாம் சொல்வதும் விருந்தோம்பலைத்தான். பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன் எதிரே வரும் வறிய கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான்: இந்த மலைச்சிற்றூரில் தங்கலாம், அந்த வீட்டில் தினைச்சோறு கிடைக்கும், இன்ன இடத்தில் பாதை வழுக்கும், பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். முன்பின் அறியாதவர்களுக்கு உணவும் எச்சரிக்கையும். பருவதமலைக்குப் பௌர்ணமி இரவில் ஏறுகிறவர்களிடம் இன்றும் அந்தப் பேச்சின் மிச்சத்தைக் கேட்கலாம். உச்சிக்குப் பக்கத்தில் பாறையில் இரும்புக் கம்பிகளை அடித்து வைத்த கடப்பாரைப் படி வரும். அங்கே மேலே நிற்கிறவர் கை நீட்டுவார், கீழே நிற்கிறவர் பிடித்து ஏறுவார். பேர் கேட்டுக்கொள்வதில்லை. உச்சியில் மல்லிகார்ஜுனரையும் பிரம்மராம்பிகையையும் பக்தர்கள் தங்கள் கையாலேயே தொட்டு அபிஷேகம் செய்து வழிபட்டுவந்தார்கள். இடையில் ஆள் இல்லாத அந்த நெருக்கத்துக்காகவே முழங்கால் வலியோடு ஏறியவர்கள் எத்தனையோ பேர்.

இனி ஆடி மாதம். வட தமிழ்நாட்டு ஊர்களில் ஆடி என்றால் கூழ். கேழ்வரகு மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்கவிட்டு, நொய் வேகவைத்து, மாவைச் சேர்த்துக் கிண்டி, அண்டாக்களில் மாரியம்மன் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கரைத்து, முருங்கைக்கீரையோ கருவாட்டுக் குழம்போ தொட்டுக்கொள்ளக் கொடுத்து, வந்தவர் எல்லாருக்கும் ஊற்றுவார்கள். பம்பையும் உடுக்கையும் ஒலிக்கும். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து அதிகம், புளித்த கூழ் குடலுக்கு நல்லது என்பதெல்லாம் உண்மை. ஆனால் சத்துக்காக மட்டும் என்றால் வீட்டில் காய்ச்சிக் குடித்தால் போதும். கோயிலில் ஏன் ஊற்ற வேண்டும்?

மாரியம்மன் பெரியம்மையின் தெய்வம். அம்மை கண்ட வீட்டில் நோயின் பேரைச் சொல்லமாட்டார்கள். அம்மா வந்திருக்கிறாள் என்பார்கள். வாசலில் வேப்பிலை கட்டினால் வெளியாள் வரமாட்டார். தாளிப்பு இல்லை, சண்டை இல்லை. முகம் சிதைந்து கிடக்கும் குழந்தையை அருவருப்போடு பார்க்கக்கூடாது, தாய் குடியேறிய உடலாக மரியாதையோடு பார்க்க வேண்டும். தலைக்குத் தண்ணீர் ஊற்றியபின் அந்தக் குழந்தை மீண்டும் ஊருக்குள் வரும். தனிமைப்படுத்தலும் அதில் இருந்தது, கைவிடாமையும் அதில் இருந்தது. கொரோனா காலத்தில் வாசலில் அடித்த தகரத்தையும் வேப்பிலைக் கொத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால், இரண்டாவதைக் கண்டுபிடித்தவர்களின் மனது விளங்கும்.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெரியம்மையை ஒழித்தது வேப்பிலை அன்று, தடுப்பூசி. இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975இல் கண்டறியப்பட்டார். 1980 மே 8 அன்று உலகமே அந்த நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார மன்றம் அறிவித்தது. வேப்பிலையால் ஆகாத காரியத்தை வீடு வீடாகப் போன ஊசிக்காரர்கள் முடித்தார்கள். அவர்களும் ஒரு வகையில் கும்பிடத்தக்கவர்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் யோசிக்க வைக்கிறது. நோய் போய்விட்டது, கூழ் நிற்கவில்லை. கேழ்வரகுக் கூழ் நோய்க்கு மருந்தாக மட்டும் இருந்திருந்தால், நோயோடு சேர்ந்து அதுவும் போயிருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை ஒரே அண்டாவிலிருந்து எல்லாரும் குடிப்பது வேறு ஏதோ ஒரு தேவையைத் தீர்த்துக்கொண்டிருக்கிறது.

அந்தத் தேவைக்கு இப்போது எண்கள் கிடைத்திருக்கின்றன. 2010இல் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழுவினர் 148 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள்; அவற்றில் அடங்கியவர்கள் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். வலுவான உறவுகள் உள்ளவர்கள் ஆய்வுக்காலம் முடியும்வரை உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகம் என்று தெரியவந்தது. பிரிட்டன் 2018இல் தனிமைக்கென்றே ஓர் அமைச்சரை நியமித்தது; ஜப்பான் 2021இல். உலக சுகாதார நிறுவனத்தின் குழு 2025இல் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் வாடுகிறார். ஆண்டுக்கு 8,71,000 சாவுகளுக்குத் தனிமையோடு தொடர்பு இருக்கிறது.

ஓர் ஊரின் கதை இன்னும் தெளிவாகப் பேசும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ரோசெட்டோ என்ற சிற்றூர். இத்தாலியிலிருந்து குடியேறியவர்கள் கட்டியது. பன்றிக்கொழுப்பில் வறுத்துச் சாப்பிட்டார்கள், சுருட்டுப் பிடித்தார்கள், கல்சுரங்கத்தில் உழைத்தார்கள். ஆனால் பக்கத்து ஊர்களோடு ஒப்பிட்டால் மாரடைப்பு அங்கே மிகக் குறைவு. ஸ்டூவர்ட் ஊல்ஃப் என்ற மருத்துவர் 1960களில் காரணம் தேடினார். ஒரே கூரையின் கீழ் மூன்று தலைமுறை, ஒன்றாகச் செய்த திருவிழா, பணக்காரர் பகட்டாமலும் ஏழை கூனாமலும் வாழ்ந்த வாழ்க்கை இவையே அவர் கண்ட விடை. அடுத்த தலைமுறை தனி வீடுகளுக்கும் வேலி போட்ட தோட்டங்களுக்கும் போனது. மாரடைப்புச் சாவுகள் பக்கத்து ஊர்களின் அளவுக்கு ஏறின. ஐம்பதாண்டுக் கணக்கைப் பார்த்த ஆய்வு 1992இல் அதை உறுதிசெய்தது.

இந்த இடத்தில் பாரம்பரியத்தைப் போற்றிப் பேசும் எழுத்துகள் வழக்கமாக முடிந்துவிடும். திருவண்ணாமலை மாவட்டத்தைப் பற்றி எழுதும்போது அப்படி முடிக்க மனசாட்சி இடம் தராது.

தண்டராம்பட்டு பக்கத்துத் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயில் இருக்கிறது. அந்த ஊரின் பட்டியலின மக்கள் தலைமுறைகளாக அதற்குள் போனதில்லை, போகவிட்டதில்லை. 2023 ஜனவரி 30 அன்று, மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் உடன் நிற்க, அவர்கள் முதன்முறையாக உள்ளே போனார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், ஆடி மாதத்திலேயே, செல்லங்குப்பத்து மாரியம்மன் கோயிலிலும் அதே போன்று நடந்தது. சுதந்திரம் கிடைத்து 75 ஆண்டு கழிந்தபின் அம்மனைப் பார்க்கப் போவதற்குக் காவல் தேவைப்பட்டது.

சமூகப் பிணைப்பு நலம் தரும் என்பது உண்மையென்றால், அதிலிருந்து தள்ளி வைப்பது நோய் தரும் என்பதும் அதே அளவு உண்மை. வாசலுக்கு வெளியே கை நீட்டி வாங்கிய கூழில் கேழ்வரகுச் சத்து குறைவதில்லை. ஆனால் குடித்தவர் வீட்டுக்கு எதைச் சுமந்துபோனார்? எல்லாருக்கும் ஊற்றினோம் என்று சொன்ன ஊர், ‘எல்லாரும்’ என்ற சொல்லுக்குள் யாரை வைத்திருந்தது? அம்மை கண்ட உடலில்கூட தாயைப் பார்க்கச் சொன்ன மரபு, பக்கத்துத் தெருக்காரரின் உடலில் தீட்டைப் பார்த்தது. இதற்குச் சமாதானம் எதுவும் இல்லை. பூண்டியின் திண்ணையைப் பெருமையோடு சொல்கிறவர்கள் தென்முடியனூரின் வாசற்படியையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தத் திண்ணை, சாதி கேட்காமல் இடம் கொடுத்ததால் அல்லவா மகானைப் பெற்றது?

மலைக்கு மேலே போனால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. ஜமுனாமரத்தூரைச் சுற்றிய ஜவ்வாது மலை ஊர்களில் வாழும் மலையாளிப் பழங்குடிகளுக்குச் சாமை வாழ்க்கையோடு ஒட்டியது. மானாவாரியில், மலைச்சரிவில், உரமில்லாமல் விளையும் தானியம். 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது சென்னைக் கடைகளில் ஜவ்வாது மலைச் சாமை அழகான பைகளில் வந்தது. நகரத்தார் நலத்துக்கு மலையின் தானியம் இறங்கிவந்தது. மலையின் நலத்துக்கு என்ன ஏறிப்போனது?

2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 தமிழ்த் தொழிலாளர்கள் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்களும் இருந்தார்கள், ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு ஊர் இருந்தது, குலதெய்வம் இருந்தது, திருவிழா இருந்தது, உறவு இருந்தது. வேலை இல்லை. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டை அடுத்த அல்லேரி மலையில் பாம்பு கடித்து ஒன்றரை வயதுக் குழந்தை இறந்தது. சாலை இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதியில் நின்றுவிட, பெற்றோர் பிள்ளையின் உடலைச் சுமந்துகொண்டு பல கிலோமீட்டர் நடந்து மலையேறினார்கள். மலை ஊர்களில் நோயாளியைத் துணியில் கிடத்தி, கம்பில் கட்டி, நான்கு பேர் டோலியாகத் தூக்கிவருவார்கள். அந்த நான்கு பேரின் தோள்தான் சமூகப் பிணைப்பு; அதைவிடப் புனிதமான காட்சி எந்தக் கோயிலிலும் இல்லை. ஆனால் டோலி கட்டவேண்டி வந்ததே ஓர் அநீதி. தோள் கொடுப்பவர்களைப் புகழ்ந்துவிட்டுச் சாலை போடாமல் இருப்பது, மரபின் பேரில் செய்யும் கைவிடல்.

ஆகவே மரபா மருத்துவமா என்று எதிரெதிரே நிறுத்துவது பொய்யான கேள்வி. வள்ளுவரின் நான்கு கூறுகளில் எந்த ஒன்றும் மற்ற மூன்றுக்கு ஈடாகாது. உடனிருப்பவர் ஆயிரம் பேர் இருந்தாலும் பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து வேண்டும். மருந்து அலமாரி நிறைய இருந்தாலும் வேளைக்கு எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், ஊர்ப் பெண்கள் தன்னார்வலர்களாக வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். இந்த வேலையின் உயிர் மாத்திரையில் மட்டும் இல்லை. மாதம் ஒரு முறை கதவைத் தட்டி, ‘எப்படி இருக்கீங்கம்மா, போன மாசம் கால் வீங்கியிருந்ததே, குறைஞ்சுதா?’ என்று கேட்கும் பழகிய குரலிலும் இருக்கிறது. அண்ணாமலையார் தனகோட்டிபுரத்து வரப்பில் நின்று செய்வதும் இதே வேலைதான் என்று சொன்னால், அது சாமியைக் குறைத்துப் பேசுவது ஆகாது.

ரதசப்தமியன்று கலசப்பாக்கத்தில் வெயில் ஏறும்போது ஆற்றங்கரை நிறைந்திருக்கும். விடிகாலையிலேயே எருக்கிலைகளைத் தலையிலும் தோளிலும் வைத்துக் குளித்துவிட்டு வந்தவர்கள், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு மணலில் இறங்குவார்கள். செய்யாற்றில் தண்ணீர் பெருகிய ஆண்டும் உண்டு, மணல் மட்டும் கிடந்த ஆண்டும் உண்டு. சாமி இரண்டுக்கும் வந்திருக்கிறார். தீர்த்தவாரி முடிந்ததும் கூட்டம் முண்டியடித்துத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொள்ளும். அப்போது சிலர் மட்டும் கொஞ்சம் பொறுத்து, நெரிசல் குறைந்தபின் சொம்போ பிளாஸ்டிக் பாட்டிலோ எடுத்து ஆற்றுநீரை நிரப்புவார்கள். மணல் அடியில் படியும்வரை காத்திருந்து, மேலாக ஊற்றி, மறுபடி நிரப்புவார்கள். வீட்டில் படுக்கையிலிருந்து எழுந்திருக்க முடியாத மாமியாருக்கு ஒன்று. பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்று இன்னும் வெளியே வராத பெண்ணுக்கு ஒன்று.